படுத்துட்டே வாங்கன்னு சொன்னாப் போதும்

இப்பெல்லாம் மணிக்கட்டுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அது வழியாவே நெஞ்சு வரைக்கும் போயி அடைப்பை எடுத்துட்டு, பொழுதோட ஆளை நடக்க விட்டுடறாங்க. கையில ஒரு பட்டை, அவ்வளவுதான். நல்லதுதான், நான் ஒண்ணும் குறை சொல்லலை. ஆனா அந்தப் பட்டையைப் பாக்கறப்பெல்லாம் எனக்குத் தொண்ணூத்தாறாம் வருசத்து மணல் மூட்டைங்க நெனப்பு வந்துருது.

அப்போ எங்களுக்குத் தொடையிடுக்குத்தான் வழி. அங்க இருக்கற பெரிய ரத்தக்குழாய்ல ஒரு குழலைச் சொருகி, கம்பியும் பலூனும் அது வழியாத்தான் மேல போகும். எல்லாம் முடிஞ்சு நாலஞ்சு மணி நேரம் கழிச்சுக் குழலை உருவோணும். உருவுன கையோட அந்த எடத்தை அரை மணி நேரம் கையால அழுத்திப் பிடிக்கோணும். அப்புறம் மேல மணல் மூட்டையை வெச்சுட்டா, மறுநாள் விடியற வரைக்கும் காலை மடக்கவும் கூடாது, தலையைத் தூக்கவும் கூடாது. மூட்டையெல்லாம் எங்க வார்டு ஆயா பாத்திமுத்து அக்கா தெச்சது. நொய்யல் மணலைச் சலிச்சுக் கழுவிக் காய வெச்சு, பழைய பச்சைத் துணியில ரெண்டு கிலோ கணக்கா ரொப்பி வாயைத் தெச்சுப் போடும். மொத்தம் பன்னெண்டு மூட்டை. ஒண்ணைக் காணோம்னா அன்னைக்கு வார்டே கலங்கிப்போகும்.

ஆஸ்பத்திரி மேட்டுப்பாளையம் ரோட்டு மேல. நான் துடியலூர்ல இருந்து டவுன் பஸ்ல வருவேன். ஜூன் மாசம்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜன்னலையெல்லாம் போட்டு அடிக்கும். ஒரு பக்கம் வெயில் காயும், மறு பக்கம் தூறல் போடும். அந்தக் காத்துல டெட்டால் வாசத்தோட கேன்டீன் காப்பி வாசமும் கலந்து வரும். எனக்கு இருபத்தாறு வயசு, வாய் கொஞ்சம் நீளம், பயம்னா என்னன்னு தெரியாது. அந்த வயசையும் அந்தக் காத்தையும் இப்ப யாரு குடுக்கப் போறாங்க.

நெஞ்சுக்குப் பலூன் வெக்கறதுங்கறது சனங்களுக்குப் புதுசு. உள்ள ஊதறப்போ வெடிச்சுட்டா என்ன பண்றதுன்னு கேக்காத ஆளே கெடையாது. அதனால மொத நாள் பொழுதோட ஒவ்வொருத்தரு கிட்டயும் உக்காந்து, என்ன நடக்கும், என்ன செய்யோணும், என்ன செய்யக் கூடாதுன்னு சொல்றதை என் தலையில கட்டியிருந்தாங்க. நான் அந்தப் பட்டியலைக் கனாவுலகூடச் சொல்லுவேன். அதுல ஒண்ணு விட்டுப்போயிருக்குதுன்னு எனக்குக் காட்டிக் குடுத்தவரு ஏழாம் நம்பர் பெட்டு அப்புசாமிக் கவுண்டரு.

ஆனைமலைக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்பு அவருக்கு. வயசு ஐம்பத்தெட்டு. தோப்புக்கு மடை திருப்பப் போனவரு நெஞ்சைப் பிடிச்சுட்டு வரப்புலயே உக்காந்துட்டாராமா. படம் எடுத்துப் பாத்ததுல நெஞ்சுக்கு முன்னால வர்ற பெரிய குழாய்ல நூத்துக்குத் தொண்ணூறு அடைப்பு. கூட இருந்தது அவரு சம்சாரம் ராசாத்தாளும், கட்டிக் குடுத்த மக புவனாவும்.

ரூமுக்குள்ள யாரு கால் வெச்சாலும் மனுசன் எந்திரிச்சு நின்னு "வாங்க"ம்பாரு. டாக்டரு வந்தாச் சரி. ரத்தம் எடுக்க வந்தவங்களுக்கும் வாங்க, ஊசியோட போன எனக்கும் வாங்க, கூட்ட வந்த பாத்திமுத்து அக்காவுக்கும் வாங்க. வெளக்கமாத்தோட போறவளை எந்திரிச்சு நின்னு வாங்கன்னு கூப்பிட்ட மனுசன் இந்த ஒருத்தருதான்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது.

எங்க சீமையில அது சும்மா ஒரு சொல்லு இல்லை. ஒறம்பரைன்னு சொந்தபந்தம் யாரு வாசல் மிதிச்சாலும் ஊட்டுல இருக்கற அத்தனை பேரும் தனித்தனியா வாங்கன்னு சொல்லியாகோணும். ஒருத்தரு சொன்னது இன்னொருத்தருக்குச் சேராது. சொல்லாத ஊட்டுல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டாங்க, திரும்பிப் போயிருவாங்க. அதெல்லாம் அவங்களுக்குள்ள. எங்கம்மா முப்பது வருசம் களை வெட்டுன தோட்டங்கள்ல, பண்ணாடிமாருங்க அவளை "வந்துட்டயா"ன்னுதான் கேட்டாங்க. அதனால ஒரு கவுண்டரு எனக்கு எந்திரிச்சு நின்னது மொத நாள் சிரிப்பா இருந்துச்சு, ரெண்டாம் நாள் கூச்சமா இருந்துச்சு. மூணாம் நாள் பிடிச்சுப்போச்சு. பொய் என்னத்துக்குச் சொல்றது.

பலூன் வெக்கறதுக்கு மொத நாள் பொழுதோட உக்காந்து எல்லாம் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு மேல அன்னம் ஆகாரம் ஆகாது. ரெண்டு தொடையிலயும் முடி எடுக்கோணும், வெக்கப்படக் கூடாது. மயக்க மருந்து கெடையாது, முழிச்சுட்டேதான் இருப்பீங்க, மரத்துப்போற ஊசி மட்டும் தொடையில போடுவாங்க. மருந்து உள்ள போறப்போ உடம்பெல்லாம் திகுதிகுன்னு சூடாகும், பயப்படாதீங்க. பலூனை ஊதறப்போ நெஞ்சு வலிக்கும், வலிச்சா உடனே சொல்லோணும். அடைச்சு நின்னாலோ குழாய் கிழிஞ்சாலோ நெஞ்சைத் தொறந்து ஆபரேசன் பண்ண வேண்டி வரும், அதுக்கும் ஆளுங்க தயாரா இருப்பாங்க, அது நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். முடிஞ்சப்புறம் தண்ணி நெறையாக் குடிக்கோணும். இருமல் வந்தாத் தொடையைக் கையால அழுத்திட்டு இருமோணும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. பீடி, கனாவுலயும் வேண்டாம்.

எல்லாத்துக்கும் "ஆகட்டுமுங்க அம்மணி"ன்னாரு.

ராசாத்தாள் ஒண்ணுமே கேக்கலை. நான் வெளிய வந்ததும் பொறத்தாலயே வந்து, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல என் கையைப் பிடிச்சுட்டாங்க. அந்த நெஞ்சைத் தொறக்கற பேச்சு அவங்களை ஆட்டிப்போட்டிருந்துச்சு.

"நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா, எனக்குக் கோடித் துணி கொண்டாறதுக்குக்கூட ஆளில்லைங்க சிஸ்டர்" அப்படின்னாங்க.

புருசன் போனா, பொறந்தவன்தான் வந்து கோடி போடோணும். ராசாத்தாளுக்குப் பொறந்தவன் ஒருத்தருதான், தம்பி மாரப்பன். அந்தியூர்ப் பக்கம் இருக்கறாரு. ஆனா ஒம்பது வருசமாப் போக்குவரத்து இல்லை. எண்பத்தேழுல ஆவணி மாசம் புது ஊடு கட்டிக் குடி போனப்போ, மாரப்பன் வந்து வாசல்ல நின்னாராமா. அப்புசாமி அந்தப்பக்கமாத் திரும்பிக் கெணத்து மோட்டாரைப் பாத்துட்டு இருந்ததுல அவரைக் கவனிக்கலை, வாங்கன்னு சொல்லலை. மாரப்பன் ரெண்டு நிமிசம் நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பி, வேலிக்கு நடுவுல போற இட்டேரி வழியாப் போனவருதான். புவனா கண்ணாலத்துக்குத் தாய்மாமன் வரலை. ராசாத்தாள் பொறந்த ஊட்டை மறுக்கா மிதிக்கலை. அவரு பாக்கலை, அவரு பாக்கலைன்னு ஆளு மேல ஆளு விட்டுச் சொல்லிப் பாத்தும் மாரப்பன் நம்பலையாமா.

"அன்னையில இருந்துதானுங்க அவரு நாய் வந்தாக்கூட எந்திரிச்சு நிக்கறாரு" அப்படின்னு சொல்லிச் சிரிக்கப் போனவங்க, சிரிக்காம அழுதாங்க. புவனா எஸ்.டி.டி. பூத்துல இருந்து அந்தியூர்ல ஒரு மருந்துக்கடைக்குப் போன் போட்டுச் சேதி சொல்லியிருந்துச்சு. வருவாரா மாட்டாரான்னு தெரியலை. என் புருசனும் பொழைக்கோணும், என் பொறந்தவனும் வரோணும்னு அந்தம்மா மருதமலை இருக்கற தெசையைப் பாத்துக் கும்பிட்டாங்க. நானும் எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டச் சொல்லி வெச்சேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு உள்ள கொண்டுபோனோம். மேசை மேல படுக்க வெச்சுப் பச்சைத் துணி போத்தியாச்சு. பெரிய டாக்டரு கையைக் கழுவிட்டு உள்ள வந்தாரு. மேசையில கெடந்தவரு ரெண்டு முழங்கையையும் ஊனி எந்திரிக்கப் பாக்கறாரு. "வாங்க." டாக்டரு அப்படியே நின்னுட்டாரு. நான் தோளை அழுத்திப் படுக்க வெச்சேன். டாக்டரு சிரிச்சுட்டே, வந்துட்டேனுங்க, நீங்க படுங்கன்னாரு. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கோணும். உறைக்கலை.

பலூனை ஊதறப்போ டாக்டரு நெஞ்சுப் படம் ஓடற டிவியில இருந்து கண்ணை எடுக்காம, வலிக்குதுங்களான்னு கேட்டாரு. "பரவால்லீங்க, நீங்க பாருங்க"ன்னாரு இவரு. நான் தலைமாட்டுல நின்னேன். நெத்தியில முத்து முத்தா வேர்த்திருந்துச்சு, ஒதடு வெளுத்துப்போச்சு. வலிக்குதுங்க சார், இவரு சொல்லாம இருக்கறாருன்னு நான்தான் சத்தமாச் சொன்னேன். டாக்டரு பலூனை எறக்குனாரு. ஏனுங்க இப்படிப் பண்றீங்கன்னு காதுகிட்டக் குனிஞ்சு திட்டுனதுக்கு மனுசன் மெதுவாச் சொல்றாரு, அவரு பாவம் கையுங்காரியமுமா இருக்கறாரு, நடுவுல தொந்தரவு பண்ண வேண்டாமுன்னு இருந்தேனுங்க அம்மணி, அப்படின்னு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. நெஞ்சுல குழாய் அடைச்சுட்டு நிக்கறப்போ ஒரு மனுசன் மரியாதை பாப்பானா. எங்க ஊர்க்காரன் பாப்பான்.

ரெண்டாம் தடவை ஊதறப்போ, "வலிக்குதுங்க"ன்னு சொன்னாரு. அடைப்பு நல்லா வெலகிருச்சு. குழாய் மறுபடியும் சுருங்காம இருக்க உள்ள ஒரு ஸ்பிரிங்கும் வெச்சாச்சு. பதினொண்ணே காலுக்கு வெளிய வந்து ராசாத்தாள்கிட்டச் சொன்னப்போ, அந்தம்மா சீலைத் தலைப்பை வாயில வெச்சுட்டு அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாங்க.

மூணு மணிக்குக் குழலை உருவி அரை மணி நேரம் அழுத்தினேன். ரத்தம் நின்னுருச்சு. மணல் மூட்டை வெச்சாச்சு. கால் அசையக் கூடாது, தலை தூக்கக் கூடாது, ஈரமாவோ சூடாவோ தெரிஞ்சாக் கூப்புடோணும்னு மறுபடியும் ஒப்பிச்சேன். ஊட்டுல இருந்து புவனா கொண்டாந்த அரிசியும்பருப்புஞ் சாதத்தை ராசாத்தாள் நல்லாக் கொழைச்சு, படுத்த வாக்குலயே ரெண்டு வாய் ஊட்டுனாங்க. உப்புக் கம்மியா இருக்குதுன்னாரு. இனிமே அப்படித்தான்னு நான் சொன்னேன். நாலு மணிக்குப் பாக்க வர்றவங்களை விட்டாங்க.

நாலரை இருக்கும். நான் ஆறாம் நம்பர்ல பிரஷர் பாத்துட்டு இருந்தேன். ஏழாம் நம்பர்ல ஒரு சத்தம், அதுக்கு மேல ராசாத்தாளோட அலறல். ஓடிப் போனா, அப்புசாமி பெட்டுல நிமிந்து உக்காந்திருக்கறாரு. ஒரு காலைக் கீழ தொங்கப் போட்டு, ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுட்டு இருக்கறாரு. மணல் மூட்டை தரையில கெடக்குது. கதவுகிட்ட வெள்ளை வேட்டி, முறுக்குன மீசை, கையில ஒரு மஞ்சப்பையோட ஒருத்தரு கல்லாட்டம் நிக்கறாரு. "வாங்க மாப்ளே, வாங்க" அப்படின்னு அப்புசாமி வாய் சொல்லிட்டே இருக்குது. வெள்ளைப் போர்வை செவப்பாகிட்டே போகுது.

அவரை மல்லாக்கத் தள்ளி, முஷ்டியை வெச்சு அந்த எடத்துல என் உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினேன். விரலுக்கு நடுவுல சுடச்சுட வருது. ரத்தம் ஒறையாம இருக்க மருந்து குடுத்த உடம்பு, சுளுவா நிக்குமா. பாத்திமுத்து அக்கா டூட்டி டாக்டரைக் கூப்பிட ஓடுச்சு. பிரஷர் எறங்கி அறுபதுக்குப் போயிருச்சு. டாக்டரு வந்து பாட்டிலை வேகமா ஓட விட்டு, ஊசி போட்டு, கால்மாட்டை ஒசத்தி வெச்சுட்டு, நீங்க கையை எடுக்காதீங்க சிஸ்டர்னு சொன்னாரு. கால் மணி நேரம் கழிச்சுக் கைக்குக் கீழ துடிப்பு நெதானமாச்சு. கசிவு நின்னுச்சு. இன்னும் அரை மணி நேரம் விடாம அழுத்தச் சொல்லிட்டு டாக்டரு நகந்தாரு.

கதவுகிட்ட நின்ன மாரப்பன் பின்னாலயே அடி வெச்சு வெளிய போகப் பாத்தாரு. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. எனக்கு மூச்சு வாங்குனதுல மரியாதையெல்லாம் மறந்துருச்சு.

"அங்கயே நில்லுங்க. நீங்க இப்பப் போனீங்கன்னா இந்த மனுசன் உங்களைக் கூப்புடறதுக்கு மறுபடியும் எந்திரிப்பாரு. அந்த ஸ்டூல்ல உக்காருங்க" அப்படின்னேன். உக்காந்தாரு. மஞ்சப்பையை மடியில வெச்சுட்டாரு. அதுல நாலு சாத்துக்குடி இருந்துச்சு.

அந்த அரை மணி நேரம் நான் எங்கயும் போக முடியாது. தொடையில கையை ஊனிட்டு ஜன்னலைப் பாத்துட்டு நின்னேன். ஒரு குடும்பத்தோட ஒம்பது வருசம் எனக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருந்துச்சு. காத்து ஜன்னலைப் போட்டு அடிச்சுட்டே இருந்துச்சு. அப்புசாமி மொகம் வெளுத்துக் கெடந்தாரு. செத்துப்போயிருவோம்னே நெனச்சுட்டாருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

"மாப்ளே" அப்படின்னாரு.

"பேசாதீங்க மாமா. அந்த அம்மணி வெய்யும்."

"பேசுனா ரத்தம் வராதுங்களே அம்மணி?" அப்படின்னு என்னைக் கேட்டாரு. கால் ஆடாமப் பேசுங்கன்னேன்.

"அன்னைக்கு நான் உன்னையப் பாத்தேன் மாப்ளே."

மாரப்பன் நிமிந்து பாத்தாரு.

"மோட்டாரைப் பாத்துட்டு இருந்தேன்னு சொன்னதெல்லாம் பொய்யி. நீ இட்டேரில வர்றதைத் தூரத்துலயே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் திரும்பி நின்னேன். விடியால சீரோட மொத ஆளா வர வேண்டியவன், பதினோரு மணிக்குக் கையை வீசிட்டு வந்தே. பொறந்த ஊட்டுச் சீரு எங்கேன்னு பொம்பளைங்க அத்தனை பேரும் கேட்டுட்டாங்க. புது ஊட்டுக்குள்ள மொதல்ல கன்னோட பசு கூட்டிட்டுப் போறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பசுவை எரவல் வாங்குனோம். உங்கக்கா ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காளில நின்னு அழுதா. எனக்குப் பொறுக்கலை. நிக்கட்டும் ரெண்டு நிமிசம், அப்புறம் கூப்புடலாம்னு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம்."

மாரப்பன் பைக்குள்ள இருந்த சாத்துக்குடியையே உருட்டிட்டு இருந்தாரு.

"பசு கொண்டாந்தேனுங்க மாமா" அப்படின்னாரு.

"என்ன பசு?"

"ஆடித் தேருக்கு அந்தியூர்ச் சந்தையில பிடிச்சேன். மயிலைப் பசு, காளைக்கன்னு இல்லை, கெடாரிக்கன்னு. அக்கா புது ஊட்டுக்கு மொதல்ல அதுதான் போகோணும்னு லாரில ஏத்திட்டு ராத்திரியே பொறப்பட்டேன். பல்லடத்துல டயர் வெடிச்சுப்போச்சு. உங்க ஊர் ரோட்டுக்கு வந்து சேர்றப்போ பத்தே முக்கால். பசு லாரிய விட்டு எறங்க மாட்டேன்னு அழும்பு பண்ணுச்சு. சரி, மொதல்ல போயி மாமாகிட்டச் சொல்லி ஆளுகளைக் கூட்டியாரலாம்னு நான் முன்னால நடந்து வந்தேன்." மஞ்சப்பை வாயை முறுக்குனாரு. "அப்புறம் லாரியத் திருப்பச் சொல்லிட்டேனுங்க."

"ஆருகிட்டயும் சொல்லலையே மாப்ளே நீ."

"வாங்கன்னு சொல்லாத ஊட்டுக்குப் பசுவோட வந்தேன்னு எப்படீங்க மாமா சொல்லுவேன்."

அப்புசாமிக்குக் கண்ணுத்தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள போச்சு. அவரால தொடைக்கக்கூட முடியலை, கையில பாட்டில் ஏறுது. மாரப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டு வந்து, தோள் துண்டை எடுத்துத் தொடைச்சு விட்டாரு. எனக்கும் கண்ணு கலங்கிப்போச்சு, என் கையும் ஒழியலை. பாத்திமுத்து அக்கா வந்து என் மூஞ்சியையும் சேத்துத் தொடைச்சுட்டுப் போச்சு.

அப்போதான் ராசாத்தாளைப் பாத்தேன். கால்மாட்டுல கட்டில் கம்பியப் பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்தாங்க. அழுகை இல்லை. புருசனையும் பாக்கலை, தம்பியையும் பாக்கலை. தரையில கெடந்த மணல் மூட்டையை எடுத்து, ஒட்டியிருந்த தூசியத் தட்டி, என் பக்கத்துல வெச்சுட்டு வெளிய போயிட்டாங்க.

புது மூட்டை வெச்சுக் கட்டிட்டு, பிரஷர் நூத்திப்பத்து வந்தப்புறம் நான் வராண்டாவுக்குப் போனேன். அதே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நின்னாங்க. இனி ஒண்ணும் பயமில்லீங்க, ஸ்பிரிங் நல்லாப் பொருந்தியிருக்குது, தம்பியும் வந்துட்டாரு, ரெண்டும் நடந்துருச்சுங்களேன்னு நான் பெருமையாச் சொன்னேன்.

"சிஸ்டர், அவருக்கு அதிர்ச்சியா எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே" அப்படின்னாங்க.

"ஆமாங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

எனக்குப் புரியலை.

"ஒம்பது வருசம் என் தம்பிகிட்ட, எங்கூட்டுக்காரரு பாக்கலைடா, அவரு பொய் சொல்ல மாட்டாருடான்னு சண்டை போட்டேனுங்க. எங்கம்மா சாகக் கெடந்தப்போகூட, எங்கூட்டுக்காரரை நம்பாத ஊட்டுக்குள்ள வர மாட்டேன்னு ரோட்டுல நின்னே பாத்துட்டு வந்தேனுங்க." கொரல் ஒசரவே இல்லை. "நான் அவருமேல கோவிச்சுக்கோணும். எப்பக் கோவிச்சுக்கலாமுன்னு மட்டும் சொல்லுங்க."

என் பட்டியலை மனசுக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பாத்தேன். ஆறு வாரம் போகட்டுமுங்கன்னேன். ஆறு வாரம் தாண்டித்தான் மெஷின்ல ஓட வெச்சுப் பாப்பாங்க, அது வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னேன். அந்தம்மா வெரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, ஆடி கடைசின்னு சொல்லிட்டு, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள போனாங்க. போயி, புருசனுக்குத் தண்ணி குடுத்தாங்க.

ஆறு வாரம் கழிச்சு அப்புசாமி வந்தாரு. கூட மாரப்பன். ஓடற மெஷின்ல மூச்சு வாங்காம நடந்தாரு. ரத்தப் பரிசோதனை எல்லாம் நல்லா இருந்துச்சு. அம்மா வரலைங்களான்னு கேட்டேன். மாமனும் மச்சானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டாங்க.

ஆறு வாரமும் ராசாத்தாள் ஒரு சொல்லு சொல்லலையாமா. உப்பில்லாமச் சமைச்சுப் போட்டு, வேளை தவறாம மாத்திரை குடுத்து, ரெண்டு வாரத்துக்கொருக்கா ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வந்து, வாசல்ல பீடி வாசம் வந்தாக்கூட எட்டிப் பாத்துட்டு இருந்திருக்கறாங்க. நாப்பத்திரண்டாம் நாள் டாக்டருக்குப் போன் பண்ணி, இனி பயமில்லைன்னு அவரு வாயால கேட்டுட்டாங்களாமா. மறுநாள் விடியால, பத்து நாளைக்கு உண்டான மாத்திரையை வேளை வாரியாப் பொட்டலம் கட்டிப் புவனா கையில குடுத்துட்டு, துணிப்பையை எடுத்துட்டு அந்தியூருக்குப் பஸ் ஏறிட்டாங்க. பொய்க்காரரோட இருக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாங்களாமா. அவ்வளவுதான் பேச்சு.

அப்புசாமி கையைப் பெசைஞ்சுட்டு என்கிட்டக் கேட்டாரு. "அந்தியூர் வரைக்கும் பஸ்ஸுல போலாமுங்களா அம்மணி?"

"போலாமுங்க. பெட்டி கிட்டி தூக்காதீங்க. மாத்திரைய விடாதீங்க."

"அங்க வாசல்ல நிக்க வேண்டி வருமுங்க."

"எவ்வளவு நேரமுங்க?"

"அது அவ கையிலதானுங்க இருக்குது."

நிக்கலாமுங்க, நெஞ்சு வலிச்சா மட்டும் பரவால்லைன்னு சொல்லிட்டு நிக்காதீங்க, உக்காந்துக்கோங்கன்னு சொல்லி அனுப்புனேன்.

அந்த வருசத்துல இருந்து என் பட்டியல் நீண்டுபோச்சு. காலை மடக்காதீங்க, தலையைத் தூக்காதீங்கன்னு சொன்ன கையோட, யாரு வந்தாலும் எந்திரிக்காதீங்க, சம்பந்தியே வந்தாலும் சரி, படுத்துட்டே வாங்கன்னு சொன்னாப் போதும், ஒருத்தரும் தப்பா நெனைக்க மாட்டாங்கன்னு சொல்லுவேன். ஒறம்பரைகளை வாசல்லயே நிறுத்தி அவங்க காதுலயும் போடுவேன். வெளியூர்ல இருந்து வந்த டாக்டருங்க, இதென்ன சிஸ்டர் இப்படி ஒரு அட்வைஸ்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். எங்க வார்டுல அதுக்கப்புறம் ஒரு தொடைகூட அப்படிப் பிச்சுட்டு ஊத்துனதில்லை.

ஐப்பசியில அடுத்த செக்கப்புக்குப் புருசனும் பொண்டாட்டியுமா வந்தாங்க. அப்புசாமியை ஈ.சி.ஜி. ரூமுக்குள்ள அனுப்பிட்டு, நான் ராசாத்தாள் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தேன். எனக்குத் தின்னச் சொல்லி ஒரு டப்பா நெறையாக் கச்சாயம் கொண்டாந்திருந்தாங்க. என்னங்க ஆச்சுன்னு நான் கேக்க வேண்டியதே இல்லை, அவங்களே சொன்னாங்க.

"என் தம்பி ஊட்டுக் கட்டுத்தாரையில பால் கறந்துட்டு இருந்தேனுங்க. என் ஊட்டுக்குன்னு வந்த பசுவு செத்துப்போச்சாமா, அதோட கன்னுதான் இப்ப ஈண்டு நிக்குது. இவரு வந்து வாசக்கேட்டுகிட்ட நின்னாரு. பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிக் கறந்தேன். என் தம்பி பொண்டாட்டி கூப்புட வாயெடுத்தா, பேசாம இருன்னுட்டேன். பொழுது சாயற வெயிலு, மூஞ்சிக்கு நேரா அடிக்குது. என் தம்பி நின்ன மாதிரியே நிக்கறாரு. நல்லா நிக்கட்டும், காலு கடுக்கட்டும்னு மடியில ஒரு சொட்டு இல்லாம ஒட்டக் கறந்தேன்."

டப்பா மூடியத் தொறந்து என் பக்கம் நகத்தி வெச்சாங்க.

"அப்புறம் பாத்தா, அந்தக் காலை மட்டும் சித்தெ தாங்கி நிக்கறாருங்க. நீங்க ரெண்டு கையும் வெச்சு அழுத்துனீங்களே, அந்தக் காலு." சீலைத் தலைப்பை எடுத்து மூஞ்சியத் தொடைச்சுட்டாங்க. "சொம்பைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னு, வாங்கன்னேன்."

"அவரு என்னங்க பண்ணுனாரு?"

"என்ன பண்ணுவாரு. வந்தாரு."